டிரம்ஸைக் கேட்காதவர்கள் எழுதிய வரலாறு

மாக்ஸ் ரோச்சின் கதையைச் சொல்பவர்கள் பலரும் 1956 ஜூன் 26ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மழை பெய்த அந்த இரவில், பென்சில்வேனியாவின் நெடுஞ்சாலை ஒன்றில் நடந்த கார் விபத்தில் அவருடைய குழுவின் டிரம்பட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன், பியானோ கலைஞர் ரிச்சி பவல், பவலின் மனைவி நான்சி மூவரும் இறந்துபோனார்கள். பிரவுனுக்கு 25 வயது. அதுவரை ரோச் ஜாஸ் உலகின் தலைசிறந்த டிரம்மர். அதன் பிறகு துக்கம், குடி. குடியிலிருந்து மீண்டதும் அரசியல். அரசியல் அலுத்தபோது பல்கலைக்கழக வேலை. கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஜாஸ் அறிமுக நூல்களைப் புரட்டினால் பீபாப் அத்தியாயத்தில் அவருக்குப் பல பக்கங்கள் கிடைக்கும். அறுபதுகளைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பத்தி, அதிலும் பாதி இசைத்தட்டின் அட்டைப்படத்தைப் பற்றியது.

இந்தக் கதையின் சாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம்: ரோச் கொடி பிடித்தார், கை கட்டுப்பட்டுவிட்டது. கலைஞன் மேடையை விட்டு இறங்கிப் பிரசாரகனாகிவிட்டான் என்று நம்மூர்ச் சிற்றிதழ்களில் அவ்வப்போது எழுதப்படும் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இந்த ராகம் புதிதல்ல.

நான் சொல்ல வருவது இதற்கு நேரெதிரானது. டிரம்ஸ் என்ற வாத்தியத்துக்கு ரோச் செய்த மிகப் பெரிய காரியங்கள் 1958க்கும் 1966க்கும் இடையில் நடந்தவை. அவருடைய அரசியல் மிகவும் கூர்மையாக இருந்த ஆண்டுகளும் அவைதான். இரண்டும் தற்செயலாக ஒரே நேரத்தில் நேர்ந்தவை என்றும் நான் நினைக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காலப்பிரமாணம் பிடித்துக்கொடுத்த வாத்தியத்தை முன்னால் கொண்டுவர அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அரசியல் அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

முதலில் எதிர்த்தரப்பின் பொற்காலத்தைப் பார்ப்போம். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. 1924இல் வட கரோலினாவில் பிறந்து, நான்கு வயதில் புரூக்ளினுக்கு வந்து, தேவாலய இசைக்குள் வளர்ந்தவர் ரோச். பதினெட்டு வயதில் சோனி கிரீருக்குப் பதிலாக டியூக் எலிங்டன் குழுவிலேயே வாசித்தவர். 1945 நவம்பரில் சார்லி பார்க்கர் சவாய் நிறுவனத்துக்காக 'கோ-கோ'வைப் பதிவு செய்தபோது டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தது இந்த 21 வயது இளைஞர்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 எண்ணிக்கை ஓடும் அந்த வேகத்தில் மற்றவர்கள் பிழைத்துக்கிடந்தாலே பெரிது. ரோச் அதற்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தார். காலப்பிரமாணத்தை பாஸ் டிரம்மிலிருந்து எடுத்து ரைடு சிம்பலுக்கு மாற்றியவர் கென்னி கிளார்க். அந்த ஏற்பாட்டில் இடது கையும் வலது காலும் மாமூல் வேலையிலிருந்து விடுபட்டன. விடுபட்ட கையையும் காலையும் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் பேசலாம் என்று காட்டியவர் ரோச். 1951இல் பட் பவலின் 'உன் போகோ லோகோ'வில் கௌபெல்லை வைத்து அவர் அமைத்த கோணலான சுற்றை இன்று கேட்டாலும் கால் தடுமாறும்.

பிரவுனோடு சேர்ந்து 1954இல் தொடங்கிய ஐவர் குழுவைப் பற்றியும் அப்படியே. 'டாஹூட்', 'ஜாய் ஸ்பிரிங்', 'பாரிசியன் தரோஃபேர்' எல்லாம் ஜாஸ் கேட்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டிய பதிவுகள். இதில் சண்டையில்லை.

சண்டை எங்கே தொடங்குகிறதென்றால், இந்தப் பொற்காலம் அரசியல் தீண்டாத தூய இசைக்காலம் என்று சொல்லும் இடத்தில். 1952இல் சார்லஸ் மிங்கஸும் அவர் மனைவி சீலியாவும் ரோச்சும் சேர்ந்து டெபியூ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கறுப்பினக் கலைஞர்கள் வாசித்ததை வெள்ளையின முதலாளிகள் விற்றுக் காசாக்கிய தொழிலில், வாசித்தவர்களே முதலாளியாகப் பார்த்த முயற்சி அது. 1953 மே 15 அன்று டொரான்டோவின் மாசி ஹாலில் பார்க்கர், டிரம்பட் கலைஞர் கில்லெஸ்பி, பட் பவல், மிங்கஸ், ரோச் ஐவரும் வாசித்த கச்சேரி இன்று உலகத்துக்குக் கிடைத்திருப்பது, அதை வெளியிட டெபியூ இருந்ததால்தான். தூய இசையின் உச்சம் என்று எதிர்த்தரப்பினர் கொண்டாடும் பதிவே சொத்துரிமைச் சண்டை ஒன்றின் விளைவு. அரசியல் 1960இல் திடீரென்று ரோச்சைப் பிடித்துக்கொண்டது என்று சொல்பவர்கள் இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைக்கூடப் படிக்கவில்லை.

அடுத்து, அந்த விபத்துத் தேதி. அதற்கு நான்கு நாட்களுக்கு முன், 1956 ஜூன் 22 அன்று, அப்போது இதே குழுவில் இருந்த சோனி ரோலின்ஸ் 'சாக்ஸஃபோன் கொலோசஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில் 'புளூ 7' என்று நீண்ட புளூஸ் ஒன்று உண்டு. 1958இல் கன்தர் ஷுலர் 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழில் ரோலின்ஸின் வாசிப்பை ஆராய்ந்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அதே பாட்டில் ரோச் எடுக்கும் தனி அவ்வளவு புகழ் பெறவில்லை. அந்தத் தனியில் அவர் வேகம் காட்டவில்லை, கையிருப்பையெல்லாம் கொட்டவும் இல்லை. இரண்டு மூன்று சின்னச் சொற்கட்டுகளை எடுத்துக்கொண்டு திருப்புகிறார், இடம் மாற்றுகிறார், நடுவில் மௌனம் விடுகிறார், மறுபடி முதல் சொற்கட்டுக்கு வருகிறார். டிரம்களைச் சற்று உயர்ந்த சுருதியில் கட்டி வைத்திருப்பதால் ஸ்னேருக்கும் டாம்-டாமுக்கும் பாஸ் டிரம்முக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு மெட்டே கேட்கிறது. டிரம்ஸ் தனியாக நின்று ஒரு முழு வடிவத்தைக் கட்ட முடியும் என்ற எண்ணம் இங்கே முளைத்துவிட்டது. இதை ஒரு காலகட்டத்தின் முடிவாகக் கேட்பவர்கள் இருக்கலாம். எனக்கு இது ஒரு தொடக்கம். அந்தத் தனியின் பிள்ளைகள் எல்லோரும் அடுத்த பத்து ஆண்டுகளில் பிறந்தவர்கள்.

நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகும் ரசிகரை நாம் கேலி செய்வதுண்டு. ஜாஸ் விமர்சனம் நெடுங்காலம் அந்த ரசிகரின் கையில்தான் இருந்தது. டிரம்பட்டும் சாக்ஸஃபோனும் வாசித்ததை வரிவரியாக எழுதுவார்கள். டிரம்மர் பற்றி வரும்போது 'உந்துதல் தந்தார்', 'தாங்கிப் பிடித்தார்' என்று இரண்டு வினைச்சொற்களோடு முடித்துக்கொள்வார்கள். இந்தக் காதுகளுக்கு ரோச்சின் வரலாறு பிரவுனோடு முடிவதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது பிரவுனை.

1957இல் ரோச் 'ஜாஸ் இன் 3/4 டைம்' என்ற ஆல்பத்தை முழுக்க முழுக்கத் திஸ்ரத்தில் செய்தார். நான்கு எண்ணிக்கையில் மட்டுமே ஜாஸ் நடக்கும் என்று பழகியிருந்த காலம் அது. 1958இல் 'டீட்ஸ், நாட் வேர்ட்ஸ்' வந்தது. பியானோ கிடையாது; அதற்குப் பதில் டியூபா. கடைசிப் பாட்டான 'கான்வர்சேஷன்' டிரம்ஸ் மட்டுமே. அதே ஆண்டில் ரோலின்ஸ் ஒரு பக்கம் முழுவதும் நீளும் 'ஃபிரீடம் சூட்'டைப் பதிவு செய்தார், டிரம்ஸ் ரோச். அந்த ஆல்பத்தை ரிவர்சைடு நிறுவனம் பின்னர் 'ஷேடோ வால்ட்ஸ்' என்று வேறு பெயரிட்டு வெளியிட்டது. உள்ளே இருந்த இசையில் ஒரு சுரம்கூட மாறவில்லை. அட்டையில் 'விடுதலை' என்ற சொல் மட்டும் காணாமல்போனது. அரசியல் இசையைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் இந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தட்டில் இசை கெட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இனி 'வீ இன்சிஸ்ட்!' பற்றி. சற்று நிதானமாகவே பேச வேண்டும், ஏனென்றால் ரோச் மீதான வழக்கின் முதல் சாட்சிப்பொருள் இதுதான்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த் கடையின் உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தபோதும் எழவில்லை. மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக ரோச் நியூயார்க்கில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். வெளியிட்டது கேண்டிட் நிறுவனம், பொறுப்பாளர் நாட் ஹென்டாஃப். பாடல்கள் ஆஸ்கார் பிரவுன் ஜூனியர். 1963இல் வரவிருந்த அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டுக்காக ரோச்சும் ஆஸ்கார் பிரவுனும் பெரிதாகத் திட்டமிட்டிருந்தார்கள். இடையில் கருத்து வேறுபாடு வந்தது. ரோச் காத்திருக்காமல் பதிவுக்குப் போய்விட்டார். அட்டையில் உணவு மேசை முன் மூன்று கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான கட்டுரைகள் இந்த அட்டையைத் தாண்டி உள்ளே போவதே இல்லை.

உள்ளே முதலில் வருவது 'டிரைவா மேன்'. அடிமைகளைச் சவுக்கோடு மேய்த்த கங்காணியைப் பற்றிய பாட்டு. ஏபி லிங்கன் பாட, ஐந்து எண்ணிக்கைச் சுற்றின் முதல் எண்ணிக்கையில் ஓர் அடி விழுகிறது. நமக்குப் பழகிய கண்ட சாப்பின் குதிப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து நடை போடும். இங்கே ஐந்தும் ஒரே கனமான மூச்சாக வருகிறது: ஓர் அடி, பிறகு காத்திருப்பு, மறுபடி அடி. அந்த அடி சவுக்கு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கு எண்ணிக்கைச் சுற்றில் இந்தப் பாட்டை அமைத்திருந்தால் காது அடுத்த அடியை முன்கூட்டியே எதிர்பார்த்துப் பழகிவிடும், உடம்பு ஆடவும் தொடங்கிவிடும். ஐந்தாவது எண்ணிக்கை அந்தச் சௌகரியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. எதிர்பார்த்த நேரத்தில் அடி விழவில்லை, ஆனால் விழப்போகிறது. கங்காணியின் கீழ் வேலை செய்தவனின் நேரம் அப்படித்தான் நகர்ந்திருக்கும். தாளத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாட்டின் பொருள் முழுதும் வந்துவிட்டது. இதைப் பிரசாரம் என்று அழைப்பவர், தாளத்தை எண்ணிப் பார்க்காதவர்.

ஓர் ஆண்டுக்கு முன், 1959 ஜூலை 1 அன்று, டேவ் புரூபெக் குழு 'டேக் ஃபைவ்'வைப் பதிவு செய்திருந்தது. அதுவும் ஐந்து எண்ணிக்கைதான். ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி அருமையானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதில் பியானோ ஒரே சுற்றை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும், கேட்பவர் ஐந்தைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். அந்த ஐந்தை வரலாறு 'வடிவப் பரிசோதனை' என்று குறித்துவைத்தது. ரோச்சின் ஐந்தை 'போராட்டம்' என்று குறித்துவைத்தது. ஒருவர் எண்ணினால் கணிதம், இன்னொருவர் எண்ணினால் கோஷமா? ரோச் ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டியர்ஸ் ஃபார் ஜோஹனஸ்பர்க்'கும் ஐந்துதான். ஷார்ப்வில் இறப்புகளுக்கான அந்தப் பாட்டில் லிங்கனுக்குச் சொற்களே இல்லை. புக்கர் லிட்டில் என்ற 22 வயது டிரம்பட் கலைஞர் அந்த ஐந்தின் மேல் எண்ணிக்கையே தெரியாதவர்போல மிதந்து வாசிக்கிறார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

'டிரைவா மேன்' பதிவில் இன்னொரு செய்தியும் உண்டு. டெனர் சாக்ஸஃபோன் வாசித்தவர் கோல்மன் ஹாக்கின்ஸ். ரோச்சை 1943இலேயே பதிவுக்கு அழைத்த மூத்தவர். அவருடைய தனியில் ஓரிடத்தில் ரீடு கீச்சிட்டுவிட்டது. அதை வெட்டிச் சரிசெய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று ஹாக்கின்ஸே சொன்னதாக ஹென்டாஃப் பதிவு செய்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய, யாரிடமும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத மேதை ஒருவர், கொடி பிடிப்பதற்காகத் தன் வாசிப்பைப் பழுதோடு விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாட்டுக்கு என்ன ஒலி வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதே ஆல்பத்தின் 'டிரிப்டிக்'. பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என்று மூன்று பகுதிகள். லிங்கனின் குரலும் ரோச்சின் டிரம்ஸும் மட்டும். நடுப்பகுதியில் லிங்கன் ஒரு நிமிடத்துக்கு மேல் அலறுகிறார். அதைக் கேட்பது கடினம். முதல்முறை கேட்பவர் ஒலியைக் குறைத்துவிடுவார், இரண்டாம்முறை அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவார். இது இசையல்ல, நாடகம் என்று சொன்னவர்களின் எரிச்சல் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் இந்தப் பகுதிதான் பிரசாரம் என்று அதிகம் திட்டு வாங்கியது, இதில் ஒரு சொல்கூட இல்லை. கோஷம் இல்லாத, வாசகம் இல்லாத, பெயர் குறிப்பிடாத எட்டு நிமிடங்கள். அதை எப்படிப் பிரசாரம் என்று வகைப்படுத்தினார்கள்? அலறலுக்கு முன்னும் பின்னும் கேட்டால் வடிவம் தெரியும். முதல் பகுதியில் குரல் ஒரு வரி சொல்ல, டிரம்ஸ் பதில் சொல்கிறது, இடைவெளிகள் நீளமானவை. நடுவில் அந்த இடைவெளிகள் முழுவதும் நிரம்பிவிடுகின்றன. குரலும் உருட்டலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று பிரிக்க முடியாமல் போகிறது. மூன்றாம் பகுதியில் இடைவெளி திரும்ப வருகிறது, ஆனால் பழைய இடத்துக்கு வருவதில்லை. 'புளூ 7' தனியில் மௌனத்தை வைத்து ரோச் செய்த கட்டுமானத்தை இங்கே மனிதக் குரலோடு செய்திருக்கிறார். மெட்டில்லாத டிரம்ஸோடு ஒரு பாடகியைச் சமமாக நிறுத்தும் துணிச்சல் அதற்கு முன் ஜாஸில் எத்தனை பேருக்கு இருந்தது?

ரோச் தொட்டதெல்லாம் பொன் என்று நான் வாதிடவில்லை. 1962இல் 'இட்ஸ் டைம்' ஆல்பத்தில் அவர் சேர்த்த கோரஸ் எனக்குப் பல இடங்களில் பாரமாகவே கேட்கிறது. டிரம்ஸின் நுட்பமான பேச்சு அந்தக் குரல் திரளில் மூழ்கிவிடுகிறது. 'வீ இன்சிஸ்ட்!' ஆல்பத்தின் 'ஃபிரீடம் டே'யின் வேகத்தில் பாடல் வரிகள் மூச்சு வாங்குகின்றன. இவை இசைக் குறைகள். இசைக் காரணங்களைச் சொல்லியே இவற்றைக் குறைகூற முடியும். எதிர்த்தரப்பு அப்படிச் செய்யவில்லை என்பதுதான் என் புகார்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. 1961இல் ஏபி லிங்கன் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' என்ற ஆல்பத்தைச் செய்தார். ஹாக்கின்ஸ், எரிக் டால்ஃபி, லிட்டில், ரோச் எல்லோரும் அதில் உண்டு. டவுன் பீட் இதழில் அதற்கு மதிப்புரை எழுதிய ஐரா கிட்லர், லிங்கன் தன் கறுப்பின அடையாளத்தையே தொழிலாக்கிக்கொண்டார் என்ற பொருளில் எழுதினார். ரோச்சும் லிங்கனும் சும்மா இருக்கவில்லை. 1962 மார்ச்சில் அதே இதழ் 'ஜாஸில் இனத்துவேஷம்' என்ற தலைப்பில் ஒரு விவாதத்தை ஏற்பாடு செய்து அச்சிட்டது. கிட்லர் ஒரு பக்கம், லிங்கனும் ரோச்சும் இன்னொரு பக்கம். இன்று அதைப் படிக்கையில் கண்ணில் படுவது இதுதான்: ஒரு பாடகியின் குரலைப் பற்றித் தொடங்க வேண்டிய உரையாடல், அவர் எப்படிப்பட்ட மனிதராக இருக்க உரிமையுண்டு என்ற உரையாடலாகவே கடைசிவரை ஓடுகிறது. லிங்கனின் அடுத்த சொந்த ஆல்பம் 1973இல்தான் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் 'கலை வறட்சி' என்று குறிப்பவர்களும் உண்டு. கதவைச் சாத்தியவர்களே, உள்ளே யாரும் வரவில்லை என்று கணக்கு எழுதுகிறார்கள்.

1961 மே 19 அன்று கார்னகி ஹாலில் நடந்ததையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். மைல்ஸ் டேவிஸின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது ரோச் பதாகையோடு மேடை முன் உட்கார்ந்துவிட்டார். மைல்ஸ் வாசிப்பை நிறுத்தி உள்ளே போனார், பிறகு திரும்பி வந்து வாசித்தார். நண்பனின் கச்சேரியைக் கெடுத்தது சரியா என்று கேட்டால், எனக்கும் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு அதோடு ரோச்சின் இசையும் முடிந்தது என்று பக்கத்தைத் திருப்புகிறவர்கள், அதற்கு மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்டில், அவர் இம்பல்ஸுக்காகச் செய்த 'பெர்கஷன் பிட்டர் ஸ்வீட்'டைக் கேட்டிருக்க மாட்டார்கள். எரிக் டால்ஃபி, புக்கர் லிட்டில், கிளிஃபர்ட் ஜோர்டன், மால் வால்ட்ரன் என்று அந்த ஆண்டில் நியூயார்க்கில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கூட்டம். 'மேன் ஃபிரம் சவுத் ஆப்பிரிக்கா' ஏழு எண்ணிக்கை. 'மென்டாசிடி' அரசியல்வாதிகளின் பொய்யைப் பற்றிய பாட்டு. அதில் டால்ஃபி தன் ஆல்டோவில் கிட்டத்தட்ட அழுது முடித்ததும் ரோச் தனியாக வருகிறார். பொய்யைப் பற்றிய பாட்டில் டிரம்மர் ஆத்திரத்தைக் கொட்டுவார் என்று எதிர்பார்ப்போம். அவர் பாதி நேரம் வாசிக்காமல் இருக்கிறார். ஒரு சொற்கட்டு, நீண்ட இடைவெளி, இன்னொன்று. அரசியல் அவர் கையைக் கட்டிப்போட்டதற்கான தடயத்தை இதில் யாராவது காட்டட்டும்.

இப்போது காற்று திசை மாறிவிட்டது என்பார்கள். உண்மைதான். 2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 'வீ இன்சிஸ்ட்!' ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் ரோச்சைப் பற்றி ஒரு நல்ல ஆவணப்படம் வந்தது. இன உரிமைப் போராட்டத்தைப் பற்றிய எந்தத் தொகுப்பிலும் அந்த அட்டைப்படத்துக்கு இடமுண்டு. ஆனால் இந்தப் பாராட்டுகளில் பெரும்பகுதி பழைய கண்டனத்தின் மறுபக்கம்தான். அன்று 'இது இசையல்ல, அரசியல்' என்று தள்ளினார்கள். இன்று 'ஆகா, இது அரசியல்' என்று மாலை போடுகிறார்கள். அட்டை பற்றி, அலறல் பற்றி, ஷார்ப்வில் பற்றி எழுதுகிறார்கள். ஐந்து எண்ணிக்கையைப் பற்றி அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதவில்லை. ரோச் அந்த ஆண்டில் ஒரு துண்டறிக்கை எழுதியிருந்தாலும் இதே பாராட்டுரைகளை வரி மாற்றாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். திட்டியவர்களிடமாவது ஒரு கோபம் இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை.

இரண்டு தரப்புக்கும் பதில் 1966இல் அட்லாண்டிக் வெளியிட்ட 'டிரம்ஸ் அன்லிமிடெட்'. ஆறு பாட்டுகளில் மூன்று, வேறு எந்த வாத்தியமும் இல்லாத டிரம்ஸ் தனிகள். அரசியல் தலைப்பு ஒன்றும் இல்லை. ரோச் கொள்கையை மாற்றிக்கொண்டதால் அல்ல; அந்தக் காலத்திலும் அவர் அதே ரோச்தான். மூன்றில் 'ஃபார் பிக் சிட்' அவருக்கு முன்னோடியான சிட் காட்லெட்டுக்கு மரியாதை. 'தி டிரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்' மூன்றரை நிமிடம் போல ஓடும். பாஸ் டிரம் முதல் எண்ணிக்கையில், ஹை-ஹாட் இரண்டிலும் மூன்றிலும். இரண்டு கால்களும் இந்தத் திஸ்ரத்தைத் தொடக்கம் முதல் கடைசிவரை விடாமல் போட்டுக்கொண்டிருக்கின்றன. கைகள் அதன் மேல் பேசுகின்றன. ஒரு சின்ன வாக்கியம், இடைவெளி, அதே வாக்கியம் கொஞ்சம் திரும்பி. கால்களே சுருதிப்பெட்டி, கால்களே தாளம் போடும் கை. இதைச் சொன்னால் எளிதாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் போட்டுக்கொண்டு, கையால் மேசையில் வேறொன்று தட்டிப் பாருங்கள்.

கட்டுமானம், மௌனம், சொற்கட்டைத் திருப்புவது என்று 'புளூ 7'இல் நான்கு பேருக்கு நடுவே செய்ததை 'டிரிப்டிக்'கில் இருவராகவும் இங்கே ஒருவராகவும் செய்கிறார். 1956க்கும் 1966க்கும் நடுவே உள்ள பாதை நேர்க்கோடு. அந்தக் கோட்டின் நட்ட நடுவில் 'வீ இன்சிஸ்ட்!' இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தால் பாதை அறுந்துவிடும்.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1970இல் வாத்தியம் வாசிப்பவர்கள் அனைவரும் தாள வாத்தியக்காரர்களாகவே உள்ள 'எம்-பூம்' குழுவைத் தொடங்கினார். 1972 முதல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பேராசிரியராகிப் படிந்துவிட்டார் என்று எழுதினார்கள். படிந்தவர் 1978இல் அந்தோனி பிராக்ஸ்டனோடும் 1979 டிசம்பரில் கொலம்பியா பல்கலைக்கழக அரங்கில் சிசில் டெய்லரோடும் இருவராக வாசித்தார். டெய்லர் பியானோவையே எண்பத்தெட்டு டிரம்களாக வாசிப்பவர். அவரோடு மணிக்கணக்கில் நின்று தாக்குப்பிடித்தவருக்கு அப்போது 55 வயது. 1983இல் ஹிப்-ஹாப்பின் ஃபேப் ஃபைவ் ஃபிரெடியோடும் பிரேக் டான்ஸ் ஆடும் இளைஞர்களோடும் மேடையேறியபோது, வயதான காலத்தில் புதுப்பாணிக்கு அலைகிறார் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பார்க்கரோடு 'கோ-கோ' வாசித்தபோதும் பெரியவர்கள் இதையே சொன்னதை அவர் மறந்திருக்க மாட்டார். 1988இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஜாஸ் கலைஞர்களில் ஒருவர் அவர். 2007 ஆகஸ்ட் 16இல் இறந்தார்.

விமர்சகர்கள் எழுதிய வரலாற்றுக்கு வெளியே இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் டிரம்மர்கள், எழுதுவது கைகளால். எந்த ஊரிலும் ஜாஸ் டிரம்ஸ் கற்றுக்கொள்ளும் மாணவர் ரோச்சின் பெயரில் உட்கார்ந்து சாதகம் செய்யும் பாடம் எது என்று பாருங்கள். 'கோ-கோ'வின் வேகத்தை வியந்து கேட்பார், பிரவுனோடு வாசித்த தனிகளை எழுதிவைத்துக்கொள்வார். தினமும் முதலில் போடப் பழகுவது, பாஸ் டிரம் ஒன்றில், ஹை-ஹாட் இரண்டிலும் மூன்றிலும். சரிவு தொடங்கிப் பத்தாண்டு ஆகிவிட்டதாகச் சொல்லப்படும் 1966இன் பாடம் அது.